ஷ்யாமளாவிடம் யாரும் கேட்கவில்லை

போலந்தில் இருக்கிற அந்த ஊரை ஷ்யாமளா முதல் ஒரு மாதம் லோட்ஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கிருந்து வந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள்: வூச். எங்க ஊர்ல திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கின மாதிரி என்று அவள் ஆங்கிலத்தில் விளக்கப்போய், அது ஒருவருக்கும் புரியாமல், எல்லாருமாகச் சேர்ந்து இன்னொரு தடவை சிரித்தார்கள்.

நியூஜெர்சி லேபில் வேலை கற்றுக்கொள்ள ஐந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். பெயர் போலந்து லேப் என்றாலும் அதில் போலந்துக்காரர்கள் இரண்டே பேர். ஒரு பையன் போர்ச்சுகல், ஒருத்தன் ருமேனியா. எலேனி என்கிற பெண் கிரீஸ். கம்பெனி வூச்சில் புதிதாக ஒரு லேப் கட்டியிருந்தது. அது பேக்கப் லேப் என்றுதான் நியூஜெர்சியில் இருந்தவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே வெள்ளமோ புயலோ வந்தால் வேலை நிற்கக்கூடாது, அதனால் அங்கே ஐந்து பேருக்குக் கற்றுக்கொடுத்து வைக்கிறோம் என்றார்கள். சாண்டி புயலில் பத்து நாள் கரன்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மருந்துக் கம்பெனியில் ஷ்யாமளாவுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. மாத்திரைகளைச் சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் வைத்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று கணக்காக வெளியே எடுத்து, பொடித்து, கரைத்து, வடிகட்டி, மெஷினில் ஏற்றி, மருந்து இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டப்பாவின் மேல் அச்சடிக்கிற தேதிக்குப் பின்னால் இப்படி யாரோ ஒருத்தர் நின்றுகொண்டே செய்த வேலை இருக்கிறது. அவளுக்கு முட்டி வலி அப்படி வந்ததுதான்.

அவளுடைய மேனேஜர் முகுந்த். பதினேழு வருஷத்துக்கு முன்னால், கையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியபோது, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஷ்யாமளாவும் கணவர் ஜம்புநாதனும் இருந்த வீட்டின் பேஸ்மென்டில் ஏழு மாதம் தங்கியவன். இந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டது அவள்தான். அவன் முதல் சாம்பிளை ஏற்றும்போது பக்கத்தில் நின்றதும் அவள்தான். அவனுக்கும் விஷாகாவுக்கும் முதல் குழந்தை பிறந்தபோது பத்தியச் சாப்பாடு இவள் வீட்டிலிருந்துதான் போயிற்று. அவன் மேனேஜர் ஆனது பற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. அவன் வீடு நாலு தெரு தள்ளி. தினமும் ஒரே காரில் போவார்கள், வருவார்கள். அவள் ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் மெயில் பார்ப்பான்.

பிப்ரவரி இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து பனி. ஜன்னலுக்கு வெளியே, பனி கரைய உப்புக் கொட்டுகிற வண்டி பார்க்கிங் லாட்டில் சுற்றிச் சுற்றி வந்தது. ஷ்யாமளாவும் எலேனியும் எடை போடுகிற அறையில் இருந்தார்கள். அந்த ஐந்து பேரில் எலேனியை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவசரப்படாத கை. ஷ்யாமளா கொண்டுவரும் எலுமிச்சை சாதத்தில் பாதி அந்தப் பெண்ணுக்குத்தான்.

"உன் ஊர்ல வேலையே கிடைக்கலையா?" என்று ஷ்யாமளா கேட்டாள்.

"கெமிஸ்ட்ரி படிச்சுட்டு நெதர்லாந்துல ரெண்டு வருஷம் தக்காளி பேக் பண்ணினேன். அப்புறம் ஜெர்மனியில ஹோட்டல்ல படுக்கை விரிச்சேன். படிச்ச படிப்புக்குக் கிடைச்ச முதல் வேலை இதுதான்," என்றாள் எலேனி. "என்னோட படிச்சவங்க யாருமே ஊர்ல இல்லை."

"அப்பா அம்மா?"

"அப்பா ஒரு சிமென்ட் பாக்டரி லேப்ல இருந்தார். மூடிட்டாங்க. அவருக்கு அம்பத்தேழு வயசு. எங்க வேணா போறேன்னு ஜெர்மன்கூடக் கத்துக்கிட்டார். ஆனா பிறந்த வருஷத்தைப் பார்த்ததும் பதிலே வராது. இப்போ பால்கனியில உட்கார்ந்து கப்பல் பார்க்கிறார்." அவள் கையுறையை மாற்றிக்கொண்டாள். "அதனாலதான் எனக்கு உங்க மேல கொஞ்சம் கோபம். நீங்க ஏன் வரமாட்டேன்னு சொன்னீங்க? நீங்க இருந்தா எங்களுக்கு எவ்வளவு தைரியமா இருக்கும்!"

"எங்கே வரமாட்டேன்னு சொன்னேன்?"

"வூச்சுக்குத்தான். ஜூன்ல இந்த லேப் மூடினதும்."

தராசில் எண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஷ்யாமளா அது நிற்கும்வரை பார்த்தாள். நின்றதும் நோட்டில் எழுதினாள். தேதி போட்டு இனிஷியல் போட்டாள். பிறகுதான் திரும்பினாள். எலேனியின் முகம் அதற்குள் வெளுத்துவிட்டது.

"உங்களுக்குச் சொல்லலையா?" என்றாள் அந்தப் பெண். "எங்ககிட்ட சொன்னாங்களே. இங்க இருக்கிற எல்லாரையும் கேட்டாச்சு, ஒருத்தரும் வர விரும்பலைன்னு."

"சரி, அடுத்த மாத்திரையை எடு," என்றாள் ஷ்யாமளா.

சாயங்காலம் ரூட் 18 முழுக்கச் சகதிப் பனி. முகுந்த் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, "ஸ்லிப் ஆகும்க்கா, மெதுவாவே போங்க," என்றான். முதல் சிக்னல் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"முகுந்த், ஜூன்ல லேபை மூடுறாங்களா?"

அவன் போனை மடியில் கவிழ்த்தான். "யாருக்கா சொன்னது?"

"மூடுறாங்களா இல்லையா?"

"ஏப்ரல்ல அனவுன்ஸ் பண்றாங்க. வெளில சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சைன் வாங்கிட்டாங்கக்கா."

"எப்போ சைன் பண்ணே?"

"ஆகஸ்ட்."

ஆகஸ்டிலிருந்து நவராத்திரி போய், தீபாவளி போய், பொங்கல் போயிருந்தது. "தினமும் இதே ஸீட்லதானே உக்காந்து வந்தே?" என்றாள்.

"நான் வாயைத் திறந்திருந்தா என் வேலையும் போயிருக்கும்க்கா."

"உன் வேலை இருக்கா?"

"வூச்ல ஸைட் லீட் போஸ்ட். அந்த லேபே என் பொறுப்பு. விஷாகாவும் ஓகே சொல்லிட்டா. பசங்களுக்கு அங்க இன்டர்நேஷனல் ஸ்கூல் பாத்திருக்கோம்."

வைப்பர் இரண்டு பக்கமும் சகதியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நான் வரமாட்டேன்னு சொன்னேனாம். அந்தப் பொண்ணு சொல்றா. நான் யார்கிட்ட சொன்னேன்?"

"அது வந்து, லிஸ்ட் கேட்டாங்கக்கா. யார் யார் ரிலொகேட் பண்ணுவாங்கன்னு. ஆளுங்களை நேராக் கேட்டா விஷயம் வெளில வந்துடும். உன் டீம் உனக்குத் தெரியும், நீயே யெஸ், நோ போட்டுக் குடுன்னாங்க."

"நீ எனக்கு நோ போட்டே."

"சத்தியமா நானாப் போடலைக்கா. ஜம்பு அண்ணாவைக் கேட்டுட்டுத்தான் போட்டேன்."

சிக்னல் பச்சை ஆனதை அவள் பார்க்கவில்லை. பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடித்தான்.

"யாரைக் கேட்டே?"

"அண்ணாவைத்தான். செப்டம்பர்ல, லேபர் டே லீவு அன்னிக்கு, உங்க வீட்டுப் பின்னால டெக்ல. நீங்க உள்ள பஜ்ஜி போட்டுட்டு இருந்தீங்க. இந்த மாதிரி அண்ணா, அக்கா வருவாங்களான்னேன். 'அவ எங்கடா போகப்போறா, நோன்னே போட்டுடு'ன்னார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"அவர்கிட்ட சொல்லலாம், என்கிட்ட சொல்லக்கூடாது. அப்படித்தான் சைன் பண்ணிக் குடுத்தியா?"

அவன் வீட்டு வாசலில் எப்போதும்போல நிறுத்தினாள். அவன் இறங்கி, குனிந்து, "அக்கா," என்று ஆரம்பித்தான்.

"நாளையிலேருந்து நீ உன் வண்டியில வந்துக்கோ," என்றாள்.

ஜம்புநாதனுக்கு அறுபது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த வங்கி கம்ப்யூட்டர் டிபார்ட்மென்டில் பாதிப் பேரை ஒரே நாளில் அனுப்பியது. அதிலிருந்து வீட்டில்தான். முதலில் எல்லா இடத்துக்கும் அப்ளை பண்ணிப் பார்த்தார். அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுச் சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நன்றாகவே சமைப்பார். அன்றைக்கு மணத்தக்காளி வத்தக்குழம்பு.

"ரோடு மோசமா? இவ்ளோ நேரம் ஆயிடுச்சே," என்றார் கரண்டியோடு.

அவள் கோட்டைக் கழற்றவில்லை. பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்து டைல்ஸில் தேங்கியது. "லேபர் டே அன்னிக்கு முகுந்த் உங்ககிட்ட என்ன கேட்டான்?"

அவர் அடுப்பைச் சின்னது பண்ணினார். எந்த லேபர் டே, என்ன கேள்வி என்று கேட்கவில்லை. இந்தக் கேள்விக்காக அவர் ஐந்து மாதமாகக் காத்திருந்திருக்கிறார் என்று அவளுக்கு அதிலேயே தெரிந்துபோயிற்று.

"சொல்லிட்டானா?"

"அவனாவது சொன்னான்."

"உனக்கு எதுக்கு டென்ஷன்னுதான் ஷ்யாமா. எப்படியும் ஏப்ரல்ல தெரியப்போவுது."

"லேப் மூடப்போறது தெரிஞ்சும் தினம் எனக்கு டப்பா கட்டிக் குடுத்து அனுப்பியிருக்கீங்க. நான் போய் அந்தப் பசங்களுக்கு என் வேலையைச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கேன். வந்து உங்ககிட்டயே கதை வேற சொல்லியிருக்கேன். எலேனி இப்படி, அந்த ருமேனியாப் பையன் அப்படின்னு."

"நீயே யோசிச்சுப் பாரு. போலந்து. மைனஸ் பதினஞ்சு. பாஷை தெரியாது, கோயில் கிடையாது. அம்பத்துமூணு வயசுல போய் அங்க என்ன பண்ணுவே?"

"இங்க என்ன பண்றேனோ அதையேதான்."

"உன் முட்டிக்கு அந்தக் குளிர் ஆகாது."

"என் முட்டியை நான் பாத்துக்குவேன்." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமானதுலேருந்து உங்க வேலைக்காக எத்தனை ஊர் மாறியிருக்கேன்? மஸ்கட். கிளீவ்லாண்ட். அங்கேருந்து டாலஸ். ஸ்ம்ருதியை வயித்துல வச்சுக்கிட்டு இங்க. ஒரு தடவையாவது நான் வரலைன்னு சொன்னேனா? என்னைக்காவது யாராவது உங்ககிட்ட வந்து, உங்க வைஃப் வருவாங்களான்னு கேட்டாங்களா? அப்பல்லாம் வருவேன். இப்போ மட்டும் 'அவ எங்கடா போகப்போறா'வா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரல் உயர்ந்தது. "நான் அங்க வந்து என்ன பண்ணணும்? நீ காலையில லேபுக்குப் போயிடுவே. நான் ஒரு ஃபிளாட்ல உக்காந்து ஜன்னலைப் பாத்துட்டு இருக்கணும். இங்கன்னா லைப்ரரி இருக்கு, நாலு பேர் ஜம்புன்னு கூப்பிட இருக்காங்க. அங்க நான் யாரு? உனக்குத் தெரியாது ஷ்யாமா. இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை இன்டர்வியூ. ஸ்ம்ருதி வயசுப் பசங்க உக்காந்து, சார், ரீசன்ட்டா என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்க. அந்த முழியை நீ பாத்ததில்ல."

"அதைச் சொல்லியிருக்கலாமே. எனக்குப் பயமா இருக்கு, போகாதேன்னு. நான் போகாம இருந்திருப்பேன்."

"போகாமதானே இருந்திருப்பே? அப்புறம் என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லீங்க," என்றாள். ஏன் ஒன்றில்லை என்று அவளால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மத்தியானம் எலேனியோடு பங்கு போட்ட சாதத்துக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு அன்றைக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

ஏப்ரலில் கேஃபடீரியாவில் எல்லாரையும் கூட்டி அறிவித்தார்கள். மேஜைக்கு ஒரு டிஷ்யூ டப்பா வைத்திருந்தார்கள். ஷ்யாமளா அதற்கு முன்பே வூச் வேலைக்குத் தானாகவே ஆன்லைனில் அப்ளை பண்ணியிருந்தாள். ஜம்புநாதனிடம் சொல்லவில்லை. அறிவிப்புக்கு மறுநாளே பதில் வந்தது: இங்கிருந்து மாறிப்போக விரும்புகிறவர்களுக்கான கெடு நவம்பரோடு முடிந்துவிட்டது. அவள் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் முகுந்த் மேஜையில் வைத்தாள்.

"லிஸ்ட் லாக் ஆயிடுச்சுக்கா. இனி என் கையில இல்ல," என்றான்.

"இருந்தப்போ நல்லாத்தான் பண்ணே."

பிள்ளைகள் வூச்சுக்குத் திரும்பி, அங்கே சோதனைகளைத் தாங்களாகவே செய்துபார்த்துக்கொண்டிருந்தார்கள். மே மாதம் அதில் ஒன்று உதைத்தது. ஒரு இரத்த அழுத்த மாத்திரை. எத்தனை தடவை செய்தாலும் மருந்து இருக்க வேண்டியதைவிட மூன்று சதவீதம் அதிகமாகக் காட்டியது. அந்த ஒன்று தேறாமல் இங்கே மூட முடியாது. முகுந்த் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு ஷ்யாமளாவின் இடத்துக்கே வந்தான். அவள் முதல் தாளிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒரு தடவை பாருங்கக்கா. என்னன்னே புரியல."

"பேப்பர்ல இருக்கிறபடி பண்ணச் சொல்லு."

"அப்படியேதான் பண்றாங்க."

"அப்போ எனக்குத் தெரியாதுப்பா."

வேலையில் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்குத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது சந்தோஷமாக இருந்தது. மறுநாள் முகுந்த் மேலிடத்தோடு மீட்டிங்கில் வியர்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தாள். அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் எலேனி கூப்பிட்டாள். மாடிப்படியில் நின்று பேசுகிற எதிரொலி.

"என் கைதான் சரியில்லைன்னு சொல்றாங்க, ஷ்யாமளா. இன்னும் புரொபேஷன் முடியலை. வேலை போனா நான் திரும்பத் தக்காளிக்குத்தான் போகணும்." அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

ஷ்யாமளா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "குலுக்குற தொட்டியிலேருந்து எடுத்ததும் பிளாஸ்க்கைத் தொட்டுப் பாத்தியா? சூடா இருக்கும்," என்றாள். "சூட்டோட பிளாஸ்க் கழுத்துல இருக்கிற கோடு வரைக்கும் திரவம் ஊத்தினா, ஆறினதும் சுருங்கிடும். மருந்து அதிகமாக் காட்டும். இருபது நிமிஷம் அப்படியே வை. கையில ஜில்லுன்னு பட்டாத்தான் ஊத்தணும்."

"இதை எங்கேயுமே எழுதலையே."

"எழுதலை. நான் பாட்டுக்குக் கையில பண்ணிட்டு இருந்திருக்கேன்."

அந்த வாரமே சோதனை தேறிவிட்டது. எலேனி எழுதிய ரிப்போர்ட்டில், நியூஜெர்சியிலிருந்து ஷ்யாமளா சொன்ன யோசனை என்று ஒரு வரி இருந்தது. அவளுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருந்தாள். முகுந்த் கையெழுத்துப் போட்டு மேலே போன ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லை. வூச் டீம் தானாகவே காரணத்தைக் கண்டுபிடித்தது என்று இருந்தது. ஷ்யாமளா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். இந்தத் தடவை அவனைப் போய்க் கேட்கவில்லை. வூச்சுக்குக் கிளம்பும் முகுந்த் குடும்பத்தின் ஃபேர்வெல் அன்றைக்கு விஷாகா கட்டிப்பிடித்து அழுதாள். ஷ்யாமளா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் வீடியோவில் ஒரு இன்டர்வியூ. ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சின்ன லேப், ஒரு வருஷ கான்ட்ராக்ட். கேள்வி கேட்ட பெண்ணுக்கு முப்பது இருக்காது. பத்தொன்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்திருக்கிறீர்கள், இந்த வேலைக்கு டெக்ஸஸ் வர வேண்டியிருக்குமே, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். ஜம்புநாதன் பக்கத்து அறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் படும் சத்தம் நின்றது.

"வேணாம். வரேன்," என்றாள் ஷ்யாமளா.

அவர் அதைப் பற்றி நாலு நாள் வாயே திறக்கவில்லை. ஸியாட்டிலில் இருக்கிற ஸ்ம்ருதிக்கு போன் பண்ணிச் சொன்னபோது, "தட்ஸ் ஆசம், மா," என்றாள் மகள். உடனேயே, "பட் வெயிட், அப்பா வில் பி ஆல் அலோன்," என்றாள். "ஆமாம், தனியாத்தான் இருப்பார்," என்று ஷ்யாமளா போனை வைத்தாள்.

ஐந்தாம் நாள் அவர் மிக்ஸியை எடுத்து வைத்துப் பருப்புப் பொடி அரைத்தார். அடுத்த நாள் கறிவேப்பிலைப் பொடி. ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, அவள் பெட்டியின் ஓரத்தில் செருகினார். "அங்க சூடு ஜாஸ்தி. ஃபிரிட்ஜ்ல வை," என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை முதல் ஞாயிறு நியூவார்க் ஏர்போர்ட்டில் புழுக்கம் தாங்கவில்லை. கார்கள் மூன்று வரிசையாக நின்று ஆட்களை இறக்கின. ஜம்புநாதன் டிக்கியைத் திறந்து பெட்டியை இறக்கினார். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. டிக்கியை மூடாமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஷ்யாமா."

அவள் நிமிர்ந்தாள்.

"நான் பண்ணினது தப்புதான். உன்னைக் கேட்டிருக்கணும்." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு உன்னைக் கேட்டிருந்தாலும் நீ போயிருக்க மாட்டே."

இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. பிப்ரவரியிலிருந்து காரில் தனியாக வரும்போதெல்லாம் அவளும் அதைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். போலந்து மேப்பைப் போனில் விரித்துப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள். போயிருப்பாளா மாட்டாளா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. இனிமேல் தெரியவும் போவதில்லை. அவருக்கு மட்டும் எப்படியோ நிச்சயமாகத் தெரிகிறது.

போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே, வண்டியை எடுங்கள் என்று இந்தப் பக்கம் வந்தார்.

ஷ்யாமளா பெட்டியின் கைப்பிடியை வெளியே இழுத்தாள்.

"இப்போ போறேன்ல," என்றாள்.

பின்னால் டிக்கி மூடுகிற சத்தம் கேட்டது. உள்ளே ஏசி குளிர்ந்தது. அவள் ஹூஸ்டன் வரிசை எங்கே என்று போர்டில் தேடினாள்.